லிஃப்டுக்குள் எருமை

லேபிள் அடிக்கிற கடைக்கு மேலே,
திருப்பூரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.
இருபத்திமூணு பிளாஸ்டிக் சேர்,
பதினாறில் ஆள்.
மிச்சத்தில் ஹெல்மெட்டுகள்
எங்களை முறைத்துக்கொண்டிருந்தன.

பேப்பர் டம்ளருக்குள் சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள்.
என்னோடு மேடை ஏறியவர் பெயரைச்
சொன்னார்கள்தான்,
கைதட்டலில் காதில் விழவில்லை.
சட்டை முழங்கையில் சாயம், மயில் நீலம்,
நேற்றைய பேட்ச்சாக இருக்கும்.
இன்னொருத்தி காலேஜ் பிள்ளை, தாரணிகா.
மூணு பேரும் அதுவரை
ஒரு டீ கூடச் சேர்ந்து குடித்ததில்லை.

"எங்க நடக்குது?" என்று கூட்டத்தைக் கேட்டார்கள்.
பஸ் ஸ்டாண்டு என்றது ஒரு குரல்.
எல்லா வாரமும் ஒரு குரல் அப்படித்தான் சொல்லும்.
லிஃப்டு என்றான் பின்வரிசைப் பையன்,
முட்டை பப்ஸை மென்றுகொண்டே.
லிஃப்டு.

நான் வாரம் ஆறு நாள்
செக்கிங் டேபிளில் நிற்கிறவள்.
ஓட்டை, கறை, தையல் விட்டது:
சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி
இடப்பக்கம் தள்ளுவேன்.
பீசுக்கு எட்டு நொடி.
வேண்டாம் என்று சொல்லியே
வீட்டு வாடகை கட்டுகிறவள்.

அந்த ஆள் என் பக்கம் திரும்பி
ஒரே வீட்டில் வளர்ந்தவர் மாதிரி,
"ஏனக்கா, நம்ம எருமை
லிஃப்டுக்குள்ள சிக்கிக்கிச்சே!" என்றார்.

எட்டு நொடி.
"எருமையெல்லாம் இல்லீங்களே" என்றேன்.

அவ்வளவுதான்.
மேடை என்பது ஆறு பலகை பிளைவுட்.
அதற்குக் கீழே எத்தனை ஆழம் என்று
அப்போது தெரிந்தது.
ஃபேன் ஒரு சுற்றை முடித்துவிட்டு
அடுத்ததற்கு யோசித்தது.
பப்ஸ் பையன் மெல்வதை நிறுத்தினான்.

தாரணிகா முட்டி போட்டுத் தவழ்ந்து வந்தாள்.
கத்தவில்லை.
என் துப்பட்டா நுனியைப் பல்லால் பிடித்து
மெல்ல ஆரம்பித்தாள்,
தவிட்டுத் தண்ணி காட்டிய பிறகு
தட்டு தின்கிற நிதானத்தோடு.

இல்லாத எருமை
இருக்கிற துப்பட்டாவைத் தின்கிறது.
என்ன செய்வேன்?
"அட சனியனே, நேத்துத்தான வாங்குனது" என்று
முதுகில் ஒண்ணு வைத்தேன்.
யாரோ சிரித்தார்கள்.
ஹெல்மெட்டாகக்கூட இருக்கலாம்.

அந்த ஆள் இரண்டு கையையும் விரித்துக்
கதவானார்.
மூடினார். வால் மாட்டியது. திறந்தார்.
நான் அவர் சட்டைப் பொத்தானை அமுக்கி
"எத்தனாவது மாடிங்?" என்றேன்.
"மூணு" என்றது லிஃப்டு.
"அய்யன் அங்கதான இருக்குது.
ரெண்டு வருசமாச்சு,
கீழ எறங்கவே மாட்டீங்குது."

சொன்ன பிறகுதான் அது அவருக்கே கேட்டது போல.
கதவு பாதியில் நின்றது.

கறையா டிசைனா என்று விளங்காத பீசை
சூப்பர்வைசரிடம் எடுத்துப் போவோம்.
இங்கே யாரிடம் போக?

"ஆமா" என்றேன்.
"அதுக்குத்தான எருமையவே கூட்டிட்டுப் போறோம்.
அய்யனுக்குப் பாக்கெட் பால் சேராதல்ல?"

எருமை தொண்டைக்குள் ஒரு சத்தம் போட்டது.
பதினாறு பேர் சிரித்தால்
அறுபது பேர் சத்தம் வரும்,
தகரக் கூரை அப்படி.
லிஃப்டு குலுங்கிக் குலுங்கி
ஒன்று, இரண்டு என்று ஏறியது.
மூன்றுக்குள் விசில் ஊதிவிட்டார்கள்.
நாலு நிமிசம் முடிந்ததாம்.

கீழே டீக்கடை.
அவர் சர்க்கரை கம்மியாக ஒன்று சொன்னார்.
தாரணிகா நாக்கிலிருந்து ஒரு நூலை உருவி
விளக்கு வெளிச்சத்தில் பிடித்து,
"அக்கா, இது சுத்தக் காட்டன் இல்லீங்" என்றாள்.
அய்யனைப் பற்றி நான் கேட்கவில்லை.
"உங்க பேருங்?" என்றார் அவர்.
சொன்னேன்.
பஞ்சு லாரி ஒன்று ஹாரனோடு கடந்தது.
"ஆமாங்" என்று தலையாட்டிவிட்டு
வண்டியை உதைத்தார்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு
ஒரு சாம்பல் டீஷர்ட்,
நெஞ்சில் எண்ணெய்க் கறை,
மேலே வளைந்த இரண்டு முனையோடு.
கொம்புதான்.
இருபது நொடி பார்த்துக்கொண்டிருந்தேன்.
அப்புறம் ஸ்டிக்கர்.
இடப்பக்கம்.